மண்ணு ஈரம் பாக்குற மீட்டர்: வாங்கலாமா வேணாமா

ஆன்லைன்ல 300 ரூவாய்க்குள்ள கெடைக்குதுல்ல, பச்சைக் கலர்ல தலை, கீழ ரெண்டு கம்பி, தொட்டி மண்ணுல குத்துனா முள்ளு நகந்து காஞ்சிருக்கா ஈரமா இருக்கான்னு காட்டும்னு போட்டிருப்பாங்களே, அந்த மீட்டரப் பத்தித்தான். வீட்டுக்குள்ள ஆந்தூரியம், பீஸ் லில்லின்னு பூக்குற செடியா வச்சிருக்கேன், அதுக்காக வாங்குனது. சிவப்புல 1லருந்து 3 வரைக்கும் காஞ்ச மண்ணு, நடுவுல பச்சை, 8லருந்து 10 வரைக்கும் நீலம், அதாவது சொதசொதன்னு ஈரம். லைட், பிஹெச் (மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற அளவு), ஈரம் மூணையும் மாத்திப் பாக்க ஒரு சுவிட்ச்சு. அந்த பிஹெச்சு சுத்த வேஸ்ட்டு, எந்தத் தொட்டில குத்துனாலும் 7லயே நிக்கிது, காசுக்கு அதக் கணக்குலயே சேக்காதீங்க.

இதுக்கு பேட்டரியே கெடையாது. ரெண்டு கம்பியும் வேற வேற உலோகம், நடுவுல ஈர மண்ணு இருந்தா தானாவே துளியூண்டு கரண்ட் உண்டாகும், முள்ளு காட்டுறது அந்தக் கரண்ட்ட. தண்ணி எம்புட்டு இருக்குன்னு அதுக்கு நேரடியாத் தெரியாது. தண்ணில உப்பு கூடுனா கரண்ட்டும் கூடும், அப்ப முள்ளும் கூடக் காட்டும், இங்கதான் நம்மூருக்குச் சிக்கல்.

நம்பலைன்னா ரெண்டு டம்ளர எடுத்து நீங்களே பாருங்க. ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி, இன்னொண்ணுல போர் தண்ணி. எங்க வீட்ல ஆர்.ஓ. டம்ளர்ல முள்ளு பச்சையத் தொடவே திணறுச்சு, போர் தண்ணில விட்டதும் நேரா நீலத்துல போய் முட்டிருச்சு. அப்புறம் ஆர்.ஓ. டம்ளர்ல ஒரு சிட்டிகை உப்பப் போட்டு கலக்குனேன், அதுவும் குபுக்குன்னு நீலத்துக்கு ஏறிருச்சு. ரெண்டுமே முழுத் தண்ணிதான, ஒண்ணுல மட்டும் காஞ்ச மாதிரி காட்டுனா என்ன அர்த்தம்? மதுரைல பாதி ஏரியால போர் தண்ணி உப்பு, பக்கெட்டு ஓரத்துல வெள்ளையாப் படியிறது பாத்திருப்பீங்க, அதே வெள்ளை தொட்டி மண்ணு மேலயும் படியும். அந்தத் தொட்டில மண்ணு பாதி காஞ்சாலும் மீட்டரு ஈரம் ஈரம்னே சொல்லும்.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூத்து. ஆந்தூரியத்துக்கு நாம போடுறது தேங்கா மஞ்சி, கரித்துண்டு, மரப்பட்டைன்னு லூசான கலவை. கொலம்பியா, ஈக்வடார் பக்கத்துக் காட்டுல மரத்து மேல தொத்தி வளர்ற சாதி அது, வேருக்குக் காத்து போகணும். அந்தக் கலவைல கம்பியக் குத்துனா சுத்தி சந்து சந்தா இருக்கும், கம்பில மண்ணு ஒட்டாது, ஈரமா இருந்தாலும் முள்ளு சிவப்புலயே படுத்துக் கெடக்கும். ஒரே தொட்டில ஓரத்துல குத்துனா 2, கொஞ்சம் தள்ளி அமுக்கிக் குத்துனா 6. எத நம்புறது?

அப்ப தூக்கிப் போட்ரலாமான்னா, இல்ல, ஒரு எடத்துல இது உருப்படியா ஒதவுது. செடி வாடி நிக்கிறப்ப ஊத்தணுமா கூடாதான்னு கேள்வி வருதுல்ல, அங்க.

எங்க அத்தாச்சி வீட்டு பீஸ் லில்லி தலையத் தொங்கப் போட்டுச்சு. "ஏத்தா, தெனமும் ஒரு சொம்பு ஊத்துறேன், நர்சரில அப்படித்தான் சொன்னாங்க, அப்பயும் வாடுது பாரு"ன்னு இன்னொரு சொம்பத் தூக்கிட்டு வந்தாங்க. "இருங்க அத்தாச்சி, ஊத்தாதீங்க"ன்னு மீட்டரக் கொண்டு போய்க் குத்துனா மேல ரெண்டு இஞ்சுல காஞ்சது மாதிரி காட்டுது, அடி வரைக்கும் எறக்குனா நீலம். கருப்பு நர்சரித் தொட்டிய அப்படியே ஒரு பீங்கான் தொட்டிக்குள்ள எறக்கி வச்சிருந்தாங்க, பாக்க அழகுதான், ஆனா பீங்கானுக்கு அடில ஓட்டை கெடையாது. உள்தொட்டியத் தூக்குனா பீங்கானுக்குள்ள பச்சையாத் தண்ணி நிக்கிது, வேரு பழுப்பேறி, தொட்டா தோலு மட்டும் வழுக்கிட்டு கைல வருது, சாக்கடை வாடை. தண்ணி பத்தாட்டியும் செடி வாடும், வேரு அழுகி தண்ணி உறிஞ்ச முடியாட்டியும் வாடும், வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அத்தாச்சி மாதிரி ஆளுங்க கைல இந்த மீட்டரு இருந்தா காசுக்குத் தகும்.

டெய்லி ஒரு சொம்புங்குற கணக்கே எனக்குப் புடிக்காது. கத்திரி வெயில்ல மொட்டை மாடிச் சூடு வீட்டுக்குள்ள எறங்குறப்ப தொட்டி வெரசாக் காஞ்சிரும், ஐப்பசி கார்த்திகை அடைமழைல அதே தொட்டி ஒரு வாரம் ஆனாலும் காயாது. வாசல்ல வெயில்ல நிக்கிற மல்லிச்செடிக்கு ஊத்துற பழக்கத்த நடுக்கூடத்துல நிக்கிற ஆந்தூரியத்துக்கும் கொண்டு வந்தா தாங்காது. நான் பண்றது, தொட்டிய ஒரு கையால தூக்கிப் பாப்பேன், ஊத்துன அன்னைக்கு கனம் கைக்குத் தெரியும், காஞ்சா லேசாயிரும். பெரிய தொட்டி தூக்க முடியாதுன்னா ஒரு ஐஸ் குச்சிய ஆழமாச் சொருகி கொஞ்ச நேரம் கழிச்சு உருவுனா ஈரமா இருந்தா குச்சி கருத்து வரும், மண்ணு ஒட்டும். மஞ்சிக் கலவைக்கு மீட்டர விட குச்சி எவ்வளவோ மேலு.

ஊத்துறப்ப அடி ஓட்டைல தண்ணி வழியிற வரைக்கும் நெதானமா ஊத்தணும், பெறகு தட்டுல நிக்கிறதக் கொட்டிரணும், இல்லைன்னா வேரும் போகும் கொசுவும் முட்டை வைக்கும். ரொம்பக் காஞ்ச மஞ்சி மேல ஊத்துனா தண்ணிய வாங்காது, ஓரமாவே வழிஞ்சு ஓடிரும், நாமளும் வழிஞ்சிருச்சுன்னு விட்ருவோம். அந்த மாதிரி ஆயிட்டா தொட்டிய ஒரு பேசன் தண்ணில அரை மணி நேரம் உக்கார வைங்க, கீழருந்து உறிஞ்சிக்கிரும். ஏசிலருந்து சொட்டுற தண்ணிய புடிச்சு வைங்க, அதுல உப்பு இருக்காது, மழைத்தண்ணி கெடைச்சா இன்னும் நல்லது. ஆர்.ஓ. மிஷின்ல வேஸ்ட்டா வெளிய போற தண்ணிய மட்டும் தொட்டிக்கு ஊத்தாதீங்க, இருக்குற உப்பு பூராம் அதுலதான் சேந்து வருது. பாத்ரூம் கழுவ வச்சிக்கோங்க. இலை நுனி கருகி மண்ணு மேல வெள்ளை படிஞ்சிருந்தா நல்ல தண்ணிய நெறைய ஊத்தி அடி வழியா உப்ப வெளியேத்தி விடணும், அப்படி அலசி விட்ட தொட்டில மீட்டரும் ஓரளவு நிதானமா காட்டுது.

பொருளப் பத்தி. தரம் சுமாரு. எனக்கு மொத வந்த பீஸ்ல முள்ளு ஒட்டிக்கிட்டு நகரவே இல்ல, வித்தவங்கட்ட கேட்டதுக்கு பதில் வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு, கடைசில மாத்திக் குடுத்தாங்க. கம்பிய மண்ணுலயே குத்தி விட்றக் கூடாது, அரிச்சுப் போயி தப்பாக் காட்டும், பாத்த ஒடனே உருவி தொடைச்சிட்டு, மங்கலா இருந்தா பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பரால ஒரு தேய்ப்பு. கல்லு மண்ணுல பலமா அமுக்குனா வளையுது. சின்னத் தொட்டிக்கு மூணு கம்பி மாடல் வேணாம், குத்துற எடமெல்லாம் வேரு அடிபடும்.

அஞ்சுக்கு ரெண்டரை. ஆழமான தொட்டி இருந்து, கைல சொம்போட அலையிற ஆளும் வீட்ல இருந்தா இன்னொரு அரை சேத்துக்கலாம்.