தலையோட்டு ஆபரேஷன்: ஹெல்மெட்டா, ஓப்பனா, ஸ்பிரிங்கா?

குழந்தைக்கு தலை முன்னும் பின்னும் நீண்டு படகு மாதிரி இருந்தா நம்ம வீடுகள்ல முதல்ல வர்ற வைத்தியம் "எண்ணெய் தேச்சு உருட்டி விடு, சரியாயிடும்". ஒரே பக்கமா படுத்து தட்டையாகுற தலைன்னா அது தானாவே பெரும்பாலும் தேறிடும், உருட்டினதால இல்ல. ஆனா உச்சந்தலை நடுவுல ஓடுற எலும்பு இணைப்பு சீக்கிரமே ஒட்டிக்கிச்சுன்னா (விரலால தடவுனா அந்த இடத்துல மேடு தட்டுப்படும், டாக்டர் சாஜிட்டல் சினோஸ்டோசிஸ்னு எழுதுவார்) எவ்ளோ உருட்டினாலும் ஒண்ணும் ஆகாது. அதுல போற மாசங்கள்தான் நஷ்டம்.

ஏன்னா இதுக்கு ஆபரேஷன்தான் வழி, அது மூணு விதம், அதுல முதலாவதான எண்டோஸ்கோப் முறைக்கு (சின்ன வெட்டு வழியா கேமரா குழாய் விட்டு செய்றது) வயசு முக்கியம். மூணு நாலு மாசத்துக்குள்ள செஞ்சா ரொம்ப நல்லது, ஆறு மாசம் தாண்டிட்டா பெரும்பாலும் அந்த வாய்ப்பு போச்சு. ரெண்டு சின்ன வெட்டு, ஒட்டுன எலும்பை ஒரு பட்டையா எடுத்துடுவாங்க, சுமார் ஒரு மணி நேர வேலை, நிறைய குழந்தைங்க மறுநாளே வீட்டுக்கு போயிடும். அமெரிக்காவுல ஜிமெனெஸ், பரோன்னு ரெண்டு டாக்டர்கள் 1990கள்ல கொண்டு வந்தது.

கஷ்டமெல்லாம் அதுக்கப்புறம்தான். தலை சரியான வடிவத்துல வளர அளவெடுத்து செஞ்ச ஹெல்மெட், தினம் 23 மணி நேரம், பல மாசம். தலை வளர வளர ஹெல்மெட்டையும் மாத்தணும். நம்ம ஊர் மே மாச வெயில்ல வேர்த்து வேர்க்குரு வந்து குழந்தை கத்தும்போது "கொஞ்ச நேரம் கழட்டி வைம்மா"ன்னு சொல்ல வீட்டுல நாலு பேர் இருப்பாங்க, அதை சமாளிக்க முடியுமான்னு முதல்லயே யோசிச்சுக்கோங்க.

ஓப்பன் ஆபரேஷன் பொதுவா ஆறு மாசத்துலருந்து ஒரு வயசுக்குள்ள. காதுலருந்து காது வரைக்கும் வளைஞ்சு நெளிஞ்ச வெட்டு, எலும்பை எடுத்து வடிவமாக்கி திரும்ப பொருத்துவாங்க, பல மணி நேரம் ஆகும். ரத்தம்தான் பெரிய கவலை: 5 கிலோ குழந்தைக்கு உடம்புல மொத்தமே சுமார் 400 மில்லி, அதுல 100 போனாலே கால்வாசி. அதனால ரத்தம் ஏத்துறது சகஜம், முதல் ராத்திரி ஐசியூ. ரெண்டாம் நாள் கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கும், பாக்க நமக்கு மனசு தாங்காது, கொஞ்ச நாள்ல வத்திடும். ஆனா வடிவம் டேபிள்லயே வந்துடும், பொதுவா ஹெல்மெட் தொல்லை இல்ல.

மூணாவது ஸ்பிரிங் முறை, ஸ்வீடன்ல யோத்தபோரி (கோத்தன்பர்க்) ஊர்ல லாரிட்சன்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. எலும்புக்கு நடுவுல கம்பி ஸ்பிரிங் வச்சா அது மெல்ல தள்ளி அகலமாக்கும், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலயும் பண்றாங்க. ஹெல்மெட் வேண்டாம், ஆனா ஸ்பிரிங்கை எடுக்க இன்னொரு தடவை மயக்க மருந்து.

என்னைக் கேட்டா, மூணு மாசத்துலயே கண்டுபிடிச்சு ஹெல்மெட் சரிபாக்க அடிக்கடி போய் வர்ற தூரத்துல ஆஸ்பத்திரியும் இருந்தா எண்டோஸ்கோப். எட்டு மாசம் ஆயிடுச்சா, ஓப்பன்தான், தயங்காதீங்க. சின்ன வெட்டுங்கிறதுக்காக மட்டும் எதையும் முடிவு பண்ணாதீங்க. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து பழகுன டாக்டர், குழந்தைங்க ஐசியூ, நியூரோ சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து செய்ற டீம் இருக்கான்னு கேளுங்க, வருஷத்துக்கு எத்தனை கேஸ் பண்றீங்கன்னும் கூச்சப்படாம கேளுங்க.