ஹாரோ வீட்டில் பாய்லர் மாற்றினோம், ஒரு முழுக் குளிர்காலம் ஓட்டிப் பார்த்தாயிற்று

போன வருடம் ஜனவரி, பொங்கலுக்கு முந்தைய ராத்திரி எங்கள் வீட்டு பாய்லர் நின்றுபோனது. லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது), மூன்று படுக்கையறை, ஒரே பாத்ரூம், நாங்கள் நாலு பேர், அப்போது கும்பகோணத்திலிருந்து அம்மாவும் வந்திருந்தார். 17 வருடம் உழைத்த காம்பி பாய்லர், அதாவது ரேடியேட்டர்களுக்கும் குழாய் வெந்நீருக்கும் சேர்த்து ஒரே கேஸ் பாய்லர். ஒரு வருடமாகவே அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது, வாரத்துக்கு ஒருமுறை அடியில் இருக்கும் குழாயைத் திறந்து 1.2 பாருக்கு ஏற்றிவிடுவேன், இரண்டு நாளில் முள் திரும்பக் கீழே வந்துவிடும். பார்க்க வந்தவர் உள்ளே கேஸ் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரே ஓட்டை விழுந்துவிட்டது, அதை மாற்றும் காசில் பாதி புது பாய்லர் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே மைனஸ் 2 டிகிரி, வீட்டில் சின்னக் குழந்தை, வயதான அம்மா. இந்த நிலைமையில்தான் பெரும்பாலானவர்கள் பாய்லர் வாங்குகிறார்கள், அதனால்தான் தப்பாகவும் வாங்குகிறார்கள். யார் நாளைக்கே வருகிறேன் என்கிறாரோ அவரிடம் காசைக் கொடுத்துவிடத் தோன்றும். நாங்கள் கரண்டில் ஓடும் எண்ணெய் ஹீட்டர் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டு, கெட்டிலில் வெந்நீர் போட்டு வாளியும் சொம்புமாக ஆறு நாள் ஓட்டினோம். அந்த ஆறு நாள் கிடைத்ததால்தான் யோசித்து வாங்க முடிந்தது. முடிந்தால் நீங்களும் அப்படிச் செய்யுங்கள், ஹீட்டர் இரண்டும் சேர்ந்து நூறு பவுண்டுக்குள் முடிந்துவிட்டது.

மூன்று விலை வாங்கினேன். முதலாவது இணையத்தில் விற்கும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். பழைய பாய்லரையும் கேஸ் மீட்டரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், பத்து நிமிடத்தில் 36 கிலோவாட் பாய்லர், 2,350 பவுண்டு என்று பதில் வந்துவிட்டது. வீட்டில் எத்தனை ரேடியேட்டர் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று போனில் பேசிய பையன் சொன்னான். இரண்டாவது ஆள் நேரில் வந்தார், வந்தவர் ஹாலில் நின்றபடியே 35 கிலோவாட், 2,900 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்றாவதாக வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர், பக்கத்துத் தெருவில் மூன்று வீட்டுக்கு வேலை செய்தவர். வந்ததும் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதற்கான அட்டை) தானாகவே எடுத்துக் காட்டினார். அந்த அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், என்னென்ன வேலைக்கு அவருக்குத் தகுதி இருக்கிறது என்பது அங்கேதான் இருக்கும். அப்புறம் அவர் கேட்டது ஒரு பக்கெட்.

“தம்பி, உங்கட வீட்டில பாத்ரூம் ஒண்டுதானே, இதுக்கு 36 என்னத்துக்கு? முதல் தண்ணி எவ்வளவு வருது எண்டு பாப்பம்” என்று சொல்லி, சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்து போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பிடித்தார். நிமிடத்துக்கு 13 லிட்டர் வந்தது. அங்கேயே எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. காம்பி பாய்லர் தண்ணீரைச் சேர்த்து வைப்பதில்லை, தெருவிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீரை ஓட ஓடச் சூடாக்கித் தருகிறது. 24 கிலோவாட் என்றால் 35 டிகிரி உயர்த்தி நிமிடத்துக்கு சுமார் 10 லிட்டர், 30 என்றால் 12, 35 என்றால் 14. தெருவிலிருந்தே 13தான் வருகிறது, அப்புறம் 36 வாங்கி என்ன செய்ய? எங்கள் ஷவருக்கு 9 லிட்டர் போதும். ஆக 30 கிலோவாட் தாராளம்.

இது வெந்நீர்க் கணக்கு. ஹீட்டிங் கணக்கு வேறு, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. அண்ணா ஒவ்வொரு அறையாகப் போய் நீளம் அகலம், ஜன்னல், வெளிச்சுவர் எது, லாஃப்டில் எவ்வளவு கனத்துக்குப் பஞ்சு போட்டிருக்கிறது எல்லாம் குறித்துக்கொண்டு போனார். மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்த பதில்: வெளியே மைனஸ் 2 இருக்கும்போது உங்கள் வீடு முழுவதையும் 21 டிகிரியில் வைத்திருக்க 7 கிலோவாட் போதும். ஏழுதான்! வருடத்தில் அவ்வளவு குளிர் சில நாள்தான் வரும், மற்ற நாளெல்லாம் 3, 4 கிலோவாட்டில் ஓடிவிடும். அதனால் ஹீட்டிங்குக்கு முக்கியம் பாய்லர் எவ்வளவு மேலே போகும் என்பதல்ல, எவ்வளவு கீழே இறங்கும் என்பது. இறங்காத பாய்லர் குப்பென்று எரிந்து, தண்ணீர் சட்டென்று சூடாகி, அணைந்து, ஐந்து நிமிடத்தில் திரும்ப எரியும். நாள் முழுக்க இதுதான். பாலை சிம்மில் வைக்க முடியாத அடுப்பு மாதிரி, ஏற்றி அணைத்து ஏற்றி அணைத்துக் கேஸும் வீண், பாய்லருக்கும் தேய்மானம்.

இப்படித்தான் வியெஸ்மன் வைட்டோடென்ஸ் 100 டபிள்யூ, 30 கிலோவாட் என்று முடிவானது. ஜெர்மன் பாய்லர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஹீட்டிங்கில் சுமார் 3 கிலோவாட் வரைக்கும் இறங்கும். வைஃபை உள்ளேயே இருக்கிறது. வெளியே ஒரு சென்சார் மாட்டினால் குளிருக்கு ஏற்றபடி தானாகவே சூட்டைக் கூட்டிக் குறைக்கும். வேலண்ட், வூஸ்டர் பாஷ், ஐடியல் எல்லாமே இந்த நாட்டில் நன்றாக ஓடும் பாய்லர்கள்தான், பெயரைப் பார்த்து வாங்குவதை விட யார் மாட்டுகிறார் என்று பார்த்து வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து.

வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து கரண்டில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் ஏன் யோசிக்கவில்லை என்று கேட்பீர்கள். யோசித்தோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு அரசு மானியம் இருக்கிறது, எனக்கு ஆசையும் இருந்தது. ஆனால் அதற்கு வெந்நீர் சிலிண்டர் வைக்க இடம் வேண்டும், பழைய காம்பி வந்தபோதே முந்தைய வீட்டுக்காரர் சிலிண்டர் இருந்த அலமாரியை இடித்து பாத்ரூமைப் பெரிதாக்கிவிட்டார். அளவெடுத்து, விண்ணப்பித்து, மாட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகும், நடுக்குளிரில் அதற்குக் காத்திருக்க முடியாது. உங்கள் பாய்லருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கோடைகாலத்திலேயே இந்த விசாரிப்பைச் செய்துவிடுங்கள்.

மொத்தம் 3,150 பவுண்டு, 20 சதவீத வாட் வரி சேர்த்து. முதல் கம்பெனியை விட 800 கூட. அந்த 800 எங்கே போனது என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். மீட்டரிலிருந்து வந்த கேஸ் குழாய் 15 மில்லிமீட்டர், அதை 22 ஆக மாற்றினார். பாய்லரிலிருந்து சொட்டும் தண்ணீர் வெளிச்சுவரில் ஒல்லிக் குழாயில் போய்க்கொண்டிருந்தது, கடுங்குளிரில் அது உறைந்து இரண்டு முறை பாய்லர் நின்று, நான் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இளக்கியிருக்கிறேன். அதை வீட்டுக்குள்ளேயே சிங்க் கழிவுக் குழாயில் சேர்த்துவிட்டார். லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர், கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே அதுதான் பாய்லருக்குள்ளும் படியும், அதற்காகக் குளிர்ந்த தண்ணீர் வரும் குழாயில் ஒரு கருவி போட்டார்.

எல்லாவற்றையும் விட ரேடியேட்டர் கழுவியதுதான் என் கண்ணைத் திறந்தது. ஒவ்வொன்றையும் ரப்பர் சுத்தியால் தட்டித் தட்டி, மெஷின் வைத்துத் தண்ணீரை வேகமாக ஓட்டினார். முதல் பக்கெட்டில் விழுந்தது அப்படியே காபி டிகாக்‌ஷன். கறுப்பு, கெட்டி. அதில் ஒரு சின்னக் காந்தத்தை முக்கி எடுத்தார், கம்பளிப்பூச்சி மாதிரி கறுப்பு முடியாக ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் ரேடியேட்டர் உள்ளுக்குள் துருப்பிடித்து வந்த இரும்புத்தூள். இது பழைய குழாயிலேயே கிடக்க, மேலே புது பாய்லரை மட்டும் மாட்டியிருந்தால்? முதல் கம்பெனியின் விலைப்பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், “கெமிக்கல் க்ளீன்” என்று ஒரு வரி இருந்தது, ஒரு பாட்டில் திரவம் ஊற்றி வடிப்பது அவ்வளவுதான். அண்ணா மூன்றரை மணி நேரம் கழுவி, தெளிந்த தண்ணீர் வந்த பிறகு துருத்தடுப்பு மருந்து ஊற்றி, பாய்லருக்கு அடியில் காந்த ஃபில்டரும் மாட்டினார்.

அடுத்து செட்டிங். பழைய பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 75, 80 டிகிரி. இந்தக் கண்டென்சிங் பாய்லர்கள் புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடிக்கிறவை, அது நன்றாக நடக்க வேண்டுமென்றால் திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருக்க வேண்டும். 80ல் அனுப்பினால் 60க்கு மேல் திரும்பும், அப்போது கண்டென்சிங் பாய்லர் வாங்கியதன் பலனே போய்விடும். 2005லிருந்து இங்கிலாந்தில் மாட்டும் கேஸ் பாய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே கண்டென்சிங் வகைதான், ஆனால் எத்தனை வீட்டில் உண்மையில் அப்படி ஓடுகிறது? அண்ணா வடக்குச் சுவரில் சென்சார் மாட்டி, வெளியே 0 டிகிரி என்றால் 55, வெளியே 8 என்றால் 45 போகிற மாதிரி வைத்தார். ஹீட்டிங்குக்கு அதிகபட்சம் 10 கிலோவாட் என்றும் கட்டுப்படுத்தினார். வெந்நீருக்கு மட்டும் முழு 30.

முதல் நாள் காலை அம்மா ஹால் ரேடியேட்டர் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, இது சுடவே இல்லையே, காசு குடுத்து ஏமாந்துட்டியா?” என்றார். கும்பகோணம் வீட்டில் கரி போட்டு மூட்டும் செம்பு பாய்லரைப் பார்த்து வளர்ந்தவர், தொட்டால் கை பொசுங்கினால்தான் அவருக்கு அது பாய்லர். சுவரில் இருந்த தெர்மாமீட்டரைக் காட்டினேன், 20.5. முன்பு ஹீட்டிங் போட்டதும் வேர்க்கும், அணைந்ததும் நடுங்கும். இப்போது ராத்திரி மட்டும் 17க்கு இறங்கும்படி வைத்திருக்கிறோம், பகல் முழுக்க மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கிறது, வீட்டுக்குள் ஏற்ற இறக்கமே தெரியவில்லை. மூன்றாம் நாள் அம்மா சால்வையைக் கழற்றி வைத்துவிட்டார்.

கேஸ் கணக்கு சொல்கிறேன். பழைய பாய்லர் கடைசியாக முழுசாக ஓடிய ஜனவரியில் ஒரு நாளைக்குச் சராசரி 61 யூனிட் (கிலோவாட் மணி), இந்த ஜனவரியில் 52. இரண்டு வருடமும் ஒரே குளிர் இல்லை, அதனால் இதை அப்படியே சேமிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் எனக்குத் திருப்தி. இன்னொரு லாபம், 55 டிகிரியிலேயே வீடு சூடாகிறது என்று தெரிந்துவிட்டதால் நாளைக்கு ஹீட் பம்ப் போட்டாலும் இந்த ரேடியேட்டர்கள் பெரும்பாலும் தாங்கும்.

குறை என்று சொன்னால் அது எல்லாக் காம்பிக்கும் பொதுவானது. மாடியில் ஒருவர் குளிக்கும்போது கீழே பாத்திரம் தேய்க்க வெந்நீரைத் திறந்தால் ஷவர் இளைத்துவிடும். குழாயைத் திறந்து சூடு வர அரை நிமிடம் ஆகும், அவ்வளவு நேரம் நல்ல தண்ணீர் வீணாகப் போகிறது, நாங்கள் ஒரு ஜக் வைத்துப் பிடித்து செடிக்கு ஊற்றுகிறோம். இரண்டு பாத்ரூமில் ஒரே நேரத்தில் குளிக்கிற குடும்பம் என்றால் காம்பி வேண்டாம், சிலிண்டர் வைக்க இடம் பாருங்கள்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்டு வாங்கியவை: பாய்லர் புத்தகத்தின் பின்னால் இருக்கும் பெஞ்ச்மார்க் பக்கங்கள் (மாட்டியவர் சோதித்து எழுதும் பட்டியல்) எண்களோடு நிரப்பப்பட்டிருக்க வேண்டும், கம்பெனியில் வாரண்டி பதிவாகியிருக்க வேண்டும் (எங்களுக்கு 10 வருடம்), கார்பன் மோனாக்சைட் அலாரம் மாட்டியிருக்க வேண்டும், 2022 அக்டோபரிலிருந்து புது பாய்லர் போட்டால் இங்கிலாந்தில் அது கட்டாயம். கேஸ் சேஃப் மூலமாக வரும் கட்டட விதிச் சான்றிதழ் பிறகு தபாலில் வந்தது, வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார், பத்திரமாக வையுங்கள். வருடா வருடம் சர்வீஸ் செய்யாவிட்டால் அந்த 10 வருட வாரண்டி செல்லாது. எங்களுடைய முதல் சர்வீஸை அண்ணா டிசம்பரில் முடித்தார், காந்த ஃபில்டரைத் திறந்தபோது ஒரு தேக்கரண்டி அளவுக்குத்தான் கறுப்பு இருந்தது.