பார்சிலோனாவா, ஆர்சனலா? தூக்கத்தை யாருக்குக் கொடுப்பது?

ஐரோப்பியக் கால்பந்தை இந்தியாவில் இருந்துகொண்டு பார்ப்பவர்கள் என்றாவது ஒருநாள் ஓர் அணியைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். எல்லா அணிகளுக்காகவும் விழித்திருந்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. 2024-25 சீசன் தொடங்கியபோது என் முன்னால் இரண்டு அணிகள் இருந்தன. ஒன்று, ஹான்சி ஃபிளிக் பயிற்சியாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்த ஸ்பெயினின் பார்சிலோனா. மற்றது, மிகெல் ஆர்டெட்டா பயிற்சியளித்த இங்கிலாந்தின் ஆர்சனல். முதல் அணியின் முன்வரிசை யாரையும் நொறுக்கிவிடும். பின்வரிசையிலோ மீசை முளைக்காத பையன்கள். இரண்டாவது அணி தற்காப்புக்குப் பெயர் போனது. நான் பார்சிலோனாவைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எளிய விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நேரம் என்று பார்த்தால் ஆர்சனலுக்குத்தான் வெற்றி. பிரீமியர் லீக் சனிக்கிழமை ஆட்டங்களில் பல நமக்கு இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ தொடங்கிவிடும், சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஸ்பெயினில் இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் இங்கே நள்ளிரவு 12.30, குளிர்காலத்தில் 1.30. கோப்பை என்று பார்த்தால் பார்சிலோனா. அந்த சீசனில் லா லிகா (ஸ்பெயின் லீக்), கோபா டெல் ரே (ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பை), ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை மூன்றையும் அது வென்றது. ஆர்சனல் லீக்கில் இரண்டாம் இடம். ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு அணிகளும் அரையிறுதியோடு நின்றன.

கோல் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். பார்சிலோனா லீக்கில் 102 கோல் அடித்து 39 வாங்கியது. ஆர்சனல் 69 அடித்து 34 வாங்கியது; பிரீமியர் லீக்கில் அந்த ஆண்டு அதைவிடக் குறைவாக வாங்கிய அணி இல்லை. வெவ்வேறு லீக்குகள்தான் என்றாலும் வித்தியாசம் ஐந்தே கோல். இதைப் பார்த்தால் பார்சிலோனாவின் தற்காப்பை ஓட்டை என்று ஏன் சொல்கிறார்கள் என்று தோன்றும். பெரிய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் காரணம் தெரியும். அந்த அணி கோல்களைக் கொத்துக் கொத்தாக வாங்கும். லிஸ்பனில் பென்ஃபிகாவிடம் நான்கு (அதிலும் 5-4 என்று வென்றது), கோபா அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் அட்லெடிகோ மாட்ரிட்டிடம் நான்கு, இன்டர் மிலனிடம் இரண்டு ஆட்டங்களில் சேர்த்து ஏழு. ரியல் மாட்ரிட்டை 4-3 என்று வென்ற மே மாத ஆட்டத்தில்கூட முதலில் 0-2 என்று பின்தங்கியிருந்தது.

ஆர்சனலை நான் ஒவ்வோர் ஆட்டமாகப் பின்தொடரவில்லை. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்களையும் லீக்கின் பெரிய ஆட்டங்களையும் மட்டும் பார்த்தேன். ஆகவே அவர்களைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரிசையின் நடுவில் வில்லியம் சலிபா, கேப்ரியல் ஜோடி விளையாடும்போது எதிரணி முன்கள வீரர் காணாமல் போய்விடுவார். சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரியல் மாட்ரிட்டை 3-0, 2-1 என்று இரு முறை வீழ்த்தியது சாதாரணக் காரியமல்ல. முதல் ஆட்டத்தில் டெக்லான் ரைஸ் அடித்த இரண்டு ஃப்ரீ கிக் கோல்களும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் லீக்கில் 38 ஆட்டங்களில் 14 டிரா. முன்கள வீரர்கள் புகாயோ சாகாவும் காய் ஹாவெர்ட்ஸும் காயம்பட்டு வெளியே இருந்த மாதங்களில், நடுக்கள வீரரான மிகெல் மெரினோவை முன்னால் நிறுத்தி ஒப்பேற்ற வேண்டியிருந்தது. கார்னர் கிடைக்கும்வரை காத்திருக்கும் கால்பந்தை அரைமணி நேரம் ரசிக்கலாம். ஒரு சீசன் முழுக்க ரசிக்க எனக்குப் பொறுமை இல்லை.

இனி என் தேர்வைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். பார்சிலோனாவின் பின்வரிசை நிற்கும் இடம்.

ஃபிளிக்கின் நான்கு தற்காப்பு வீரர்களும் மைதானத்தின் நடுக்கோட்டை ஒட்டியே நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் கோல்கீப்பர் வரை நாற்பது மீட்டருக்கு ஆளே இருக்காது. எதிரணி வீரர் பந்தை உதைக்கக் காலைத் தூக்கும் நொடியில் நால்வரும் ஒன்றாக ஓரடி முன்னே வைக்க வேண்டும். வைத்தால், பின்னால் ஓடத் தொடங்கியவர் ஆஃப்சைடு, அதாவது பந்து உதைக்கப்படும் நொடியில் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்ற குற்றம். ஒருவர் தாமதித்தாலும் எதிரணி வீரர் தனியாகக் கோல்கீப்பர் முன் நிற்பார். 2024 அக்டோபரில் ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேவுவில் நடந்த ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் 12 முறை ஆஃப்சைடில் சிக்கியது. அதில் எட்டு முறை அதன் முன்கள வீரர் எம்பாப்பே. முடிவு பார்சிலோனாவுக்கு 4-0. அன்று பின்வரிசையின் நடுவில் நின்றவர்களில் ஒருவரான பாவ் குபார்சிக்கு வயது 17. பக்கத்தில் நின்ற இனிகோ மார்ட்டினெஸுக்கு 33.

இந்த வயது வித்தியாசத்தை வைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கோல் விழுந்தால் பையன்களைக் குறை சொல்வது சுலபம். என் கணக்கு வேறு. பந்து வைத்திருப்பவருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைத்தால் உலகின் எந்தத் தற்காப்பும் அந்த உயரத்தில் நிற்க முடியாது. அந்த நேரத்தைப் பறிக்க வேண்டியது முன்கள வீரர்களின் வேலை. அந்த சீசனில் பார்சிலோனாவின் முன்கள வீரர் ரஃபீன்யா எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 34 கோல் அடித்தார் என்பதைப் பேசுகிறார்கள். பந்து பறிபோன அடுத்த நொடி அவர் எதிரணி வீரர் மேல் பாய்ந்து ஓடியதைப் பேசுவதில்லை. குபார்சியின் பாதி வேலையைச் செய்தது அந்த ஓட்டம்தான்.

இன்டருக்கு எதிராக மிலானில் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை இதற்குச் சான்றாகவும் காட்டலாம், எதிராகவும் காட்டலாம். வழக்கமாக இரு ஓரங்களிலும் தற்காக்கும் கூண்டே, பால்டே இருவரும் காயம். வலப்புறம் எரிக் கார்சியா, இடப்புறம் ஜெரார்ட் மார்ட்டின் என்று ஒட்டுப்போட்ட பின்வரிசை. 87-வது நிமிடத்தில் ரஃபீன்யா கோல் அடித்து 3-2 என்று முன்னிலை தந்தார். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் இறுதிப் போட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் இன்டரின் 37 வயதுத் தற்காப்பு வீரர் ஆச்செர்பி பெட்டிக்குள் புகுந்து சமன் செய்தார். பிறகு 30 நிமிடக் கூடுதல் நேரத்தில் இன்டரின் ஃபிராத்தேசி அடித்ததோடு கதை முடிந்தது. அந்தக் கடைசி நிமிடங்களில் ஆட்டத்தை எப்படி மந்தமாக்குவது என்பது அந்த அணிக்குத் தெரியவில்லை. அது வயதின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். சலிபாவும் கேப்ரியலும் அங்கே இருந்திருந்தால் அந்தப் பந்தைப் பார்வையாளர் கூட்டத்துக்குள் உதைத்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

ஆனால் சலிபாவும் ஒருகாலத்தில் பையன்தான். 2019-இல் அவரை வாங்கிய ஆர்சனல், செயின்ட் எட்டியென், நீஸ், மார்செய் என்று பிரெஞ்சு அணிகளுக்கு இரவல் அனுப்பிக்கொண்டே இருந்தது. 2022-இல்தான் ஆர்சனல் சட்டையில் முதல் போட்டி ஆட்டத்தில் இறங்கினார். தவறு செய்து கற்கும் வயதை வேறு ஊரில் கழித்துவிட்டு, வெந்த சோறாக வந்து சேர்ந்தவர். குபார்சி 2024 ஜனவரியில், 17 வயது நிறைவதற்குச் சில நாட்கள் முன்பே பார்சிலோனாவுக்கு ஆடத் தொடங்கிவிட்டார். அவருடைய தவறுகள் எல்லாம் நம் கண்முன்னால் நடக்கின்றன. எனக்கு அதுதான் வேண்டும். ஒரு தற்காப்பு வீரர் உருவாவதை முதலிலிருந்து பார்க்கும் வாய்ப்பு ரசிகனுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

2025-26 சீசனின் தொடக்கம் என் கட்சிக்குச் சாதகமாக இல்லை. ஆகஸ்டில் இனிகோ மார்ட்டினெஸ் சவூதியின் அல் நாசர் அணிக்குப் போய்விட்டார். செப்டம்பர் இறுதியில் ரஃபீன்யா காயமடைந்தார். அதன் பிறகு பி.எஸ்.ஜி.யிடம் 1-2, செவியாவிடம் 1-4, ரியல் மாட்ரிட்டிடம் 1-2, பெல்ஜியத்தின் கிளப் பிரூஜுடன் 3-3. பிரூஜ் வீரர்கள் பின்வரிசைக்குப் பின்னால் புகுந்து ஓடிய விதத்தைப் பார்த்தபோது, இந்த ஆஃப்சைடு வித்தையின் ரகசியம் வெளியே போய்விட்டது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். அதே வாரங்களில் ஆர்சனல் லீக்கின் முதல் பத்து ஆட்டங்களில் மூன்றே கோல் வாங்கியிருந்தது. அட்லெடிகோவை 4-0 என்று சிதறடித்தது.

கோட்டை முன்னகர்த்தக் குரல் கொடுக்கும் மூத்தவர் போனது காரணமா, முன்னால் விரட்டும் ஆள் இல்லாதது காரணமா? இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததால் கறாராகப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். நவம்பர் இறுதியில் செல்சியிடம் 0-3 என்று தோற்றபோது ரஃபீன்யா மாற்று வீரராகத்தான் இறங்கினார்; தற்காப்பு வீரர் அராவ்ஹோ வேறு சிவப்பு அட்டை வாங்கி முதல் பாதியிலேயே வெளியேறியிருந்தார். அடுத்த வாரம் அட்லெடிகோவுக்கு எதிராக ரஃபீன்யா தொடக்கத்திலிருந்து ஆடினார், கோலும் அடித்தார், 3-1 வெற்றி. ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனாலும் அன்று அட்லெடிகோ நடுக்கள வீரர்களுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் குறைவாகவே கிடைத்தது. பின்வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் அதே ஆட்கள்தான்.

காலையில் சீக்கிரம் எழ வேண்டியவர்களும், ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் நிம்மதியாக நாற்காலியில் சாய வேண்டும் என்று நினைப்பவர்களும் ஆர்சனலைப் பாருங்கள். முன்வரிசையில் விளையாட ஆட்கள் இருக்கும் வரை அது நல்ல தேர்வு. பார்சிலோனாவைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. எதிரணி பந்தைப் பிடித்ததும் குபார்சியைப் பார்க்காதீர்கள், ரஃபீன்யா எங்கே என்று தேடுங்கள். அவர் ஓடத் தொடங்கியிருந்தால் பின்வரிசையைப் பற்றிக் கவலை வேண்டாம். இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தால் அடுத்த சில நொடிகளில் கோல்கீப்பருக்கு வேலை வந்துவிடும்.