தமிழ்நாட்டின் வாடகை ஒப்பந்தப் பதிவுச் சேவை: ஒரு மதிப்பீடு

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுத்துத் தமிழ்நாடு அரசு 2017-இல் இயற்றிய சட்டம், 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை விலக்கியது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதே இதன் அடிப்படை. அந்தப் பதிவை இணையவழியிலேயே செய்யலாம். ஒப்பந்தத்தைப் பதிவேற்றிப் பதிவு எண் பெற வேண்டும்.

வாடகைக்குக் குடியிருக்கும் எவரும் இச்சேவையைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தகராறு வந்தால் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை வெளியேறச் செய்வதை இச்சட்டம் தடுக்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வீடு காலி செய்யும்போது பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னையில் ஏறத்தாழ எழுதப்படாத விதியாகிவிட்டது. ஆனால் சட்டத்தின் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறைப் பழுதுகளே வாடகைதாரருக்கு உரியவை.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் சட்டம் தளர்ந்துவிட்டது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சொல்லும் பிரிவே, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கு விலக்கும் அளிக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் உரிமையாளர் அதையே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் கையெழுத்திடாமல் வேறென்ன செய்வார்?

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி, வீட்டைத் திரும்பக் கேட்டு உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். வருமான வரிக் கணக்கில் வாடகை தெரிந்துவிடும் என்று அஞ்சி ஒப்பந்தத்தைத் தவிர்ப்பவர் பல வீடுகளில் உரிமையாளராகவே இருக்க, அதன் விளைவைச் சுமப்பவர் வாடகைதாரராகிறார். வாய்மொழிப் பேச்சில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் குடும்பங்களுக்கு இது பெரிய அநீதி.

எனவே அட்வான்ஸ் தொகை, பெயின்ட் செலவு பற்றிய வரிகளைப் படித்துப் பேசி முடித்த பிறகே கையெழுத்திடுங்கள். பதிவு எண் கைக்கு வந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள். அட்வான்ஸுக்கான அந்த விலக்கை அரசு நீக்கினால் இச்சேவையைத் தயக்கமின்றிப் பாராட்டுவேன்.