ஏபிஎஸ் லைட் எரிகிறதா? 26,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 26,500 ரூபாய், பில்லோடு கொடுத்த பணம்.

எங்கே என்று பெயர் சொல்லவில்லை. சேலத்தில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப். என் மாமியார் வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். மாதம் மூன்று நான்கு தடவை 20 கொண்டை ஊசி வளைவையும் குழந்தைகளோடு ஏறி இறங்குகிற குடும்பம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முன் பக்கம் வலது வீலில் உறுமல் சத்தம் வந்தது. பேரிங் போய்விட்டது என்று மாற்றினார்கள். அது உண்மைதான், சத்தம் நின்றது. ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டுவதற்குள் ஏபிஎஸ் லைட் எரிந்தது. திடீரென்று பிரேக் அழுத்தினால் வீல் சுற்றாமல் லாக் ஆகிவிடாதபடி பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ், அதில் கோளாறு என்றால் இந்த லைட் எரியும். போன் செய்தால், "புது பேரிங் அண்ணா, செட் ஆகும், ரெண்டு நாள் ஓட்டுங்க" என்றார்கள். அன்றைக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

லைட் அணையவில்லை. மறுபடி போனேன். ஓனரே வந்தார், டீ வாங்கிக் கொடுத்தார். வீலைக் கழற்றி, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, வீல் வேகத்தைப் பார்க்கும் சென்சாரின் ஒயரில் மல்டிமீட்டரை வைத்து ஓம்ஸ், அதாவது மின்தடை, அளந்து காட்டினார். "பாருங்கண்ணா, ஓம்ஸே காட்டல. சென்சார் அவுட். மலை ஏறுற வண்டி, பிரேக் விஷயத்துல ரிஸ்க் எடுக்கலாமா?" என் கண்ணுக்கு முன்னால் மீட்டர் காட்டுகிறது, எப்படி நம்பாமல் இருப்பேன்? சென்சார் 2,800. அதற்கும் லைட் அணையாததால், "அப்ப மாட்யூல்தான் போயிருக்கு" என்றார்கள். மாட்யூல் என்பது ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர். அதற்கு 23,700. மொத்தம் 26,500. மாட்யூல் மாற்றிய பிறகும் லைட் எரிந்தது. "சாஃப்ட்வேர் அண்ணா, தானா அடங்கிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

போன ஞாயிறு தூறலில் இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தினேன். முன் வீல் லாக் ஆகி, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகச் சறுக்கியது. ஏபிஎஸ் லைட் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், லாக் ஆகாமல் காப்பாற்றுகிற வேலைதான் நடக்காது. பின் சீட்டில் என் பெண் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று கோரிமேட்டில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, வண்டியை மெல்ல ஓட்டச் சொன்னார். மூன்று வீல் 18 கிலோமீட்டர் வேகம் காட்டியது, வலது முன் வீல் 0. சென்சாரைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு குண்டூசியை விட்டார். இடது வீலில் ஊசியை லேசாக இழுத்துக்கொண்டது. வலதில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் அவர் விளக்கினார். பழைய வண்டிகளில் வீலோடு சுற்றும் பல்சக்கரம் ஒன்று இருக்கும். சென்சாருக்குள் காந்தமும் காயிலும். பல் கடக்கும்போதெல்லாம் கரண்ட் தானே உண்டாகும், அந்தக் காயிலைத்தான் ஓம்ஸ் வைத்துப் பார்க்கலாம். என் வண்டி மாதிரி புது வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் பதித்திருக்கும். சென்சாருக்குள் சிப் இருக்கிறது, அதற்குக் கம்ப்யூட்டரிலிருந்து கரண்ட் வரும். காந்தம் மாற மாற அது 7, 14 மில்லி ஆம்பியர் என்று மாறி மாறிக் கரண்ட் இழுக்கும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் கம்ப்யூட்டர் வீல் வேகத்தைக் கணக்குப் போடுகிறது. இந்த சென்சாரை ஓம்ஸ் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை, சிப் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. ஓனர் எனக்குக் காட்டினாரே, அதே சோதனைதான்!

அவர்கள் பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள். காந்தப் பக்கம் சென்சார் இல்லாத மறுபக்கம் போய்விட்டது. சென்சாரும் நன்றாக இருந்தது, மாட்யூலும் நன்றாக இருந்தது. பிரஸ் மெஷினில் அழுத்திக் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போட முடியாது என்பதால் புது பேரிங், கூலியோடு 2,600. லைட் அணைந்தது.

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனர் வெளியூராம். சூப்பர்வைசர், "மாட்யூலும் வீக்காத்தான் இருந்துச்சுங்க" என்கிறார். பழைய மாட்யூல் எங்கே? "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு." எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். ராத்திரி ஓனருக்கு வாட்ஸ்அப்பில் பில்லையும் ஸ்கேனர் போட்டோவையும் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இன்று காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. 26,500 ரூபாய்.

எல்லாவற்றையும் விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேரிங் மாற்றியதும் ஏபிஎஸ் லைட் எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். மாட்யூல் என்ற பேச்சு வந்தால், வண்டி ஓடும்போது நாலு வீல் வேகத்தையும் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். லைட் எரிகிற வண்டியோடு மலை ஏறவே ஏறாதீர்கள். நாளைக்குக் காலையில் பில்லோடு மறுபடியும் அங்கே போகிறேன்.