மோட்டுல் 10டபிள்யூ ஃபோர்க் ஆயில்: கொல்லிமலை ஏறி இறங்கிப் பார்த்த பிறகு

என் பல்சர் 150 வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இரண்டு முறை குதிக்கும். பிரேக் பிடித்தால் தலை குப்புறக் கவிழ்வதுபோல் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கிலிருந்து பழைய ஆயிலை வடித்தபோது கருப்பாக, மீன் கழுவிய நாற்றத்தோடு வந்தது. முன்பு ஒரு பட்டறையில் மிச்சமிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்னும் வருத்தம்தான்.

இந்த முறை மோட்டுல் ஃபோர்க் ஆயில் எக்ஸ்பர்ட் 10டபிள்யூ, ஒரு லிட்டர் டப்பா வாங்கினேன். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் ஆயிலின் கெட்டியைச் சொல்வது, எண் கூடினால் கெட்டியும் கூடும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு கம்பெனியின் 10டபிள்யூவும் இன்னொன்றின் 10டபிள்யூவும் ஒரே கெட்டி இல்லை. 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டியை அளக்கும் அலகு) என்ற எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். கெட்டி ஆயில் ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தைத்தான் அடக்கும், தளர்ந்த ஸ்பிரிங்குக்கு உயிர் கொடுக்காது. இது தெரியாமல் நேராக 20டபிள்யூ ஊற்றுபவர்கள் நிறைய. அப்புறம் சின்னக் குழியும் மணிக்கட்டில் இடிக்கும்.

ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்களையும் மாற்றி, ஃபோர்க்கின் இரண்டு குழாயிலும் ஆயில் மட்டத்தை அளவுகோல் வைத்துச் சமமாக்கினோம். ஒரு பக்கம் கூடினாலும் எனக்கு மனசு ஒப்பாது.

மறுவாரம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள், பின்னால் மனைவி. இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது முன்பக்கம் நிதானமாக அமுங்கி, ஒரே மூச்சில் எழுந்து நின்றது. நான் தனியாக ஓட்டும்போது மட்டும் கொஞ்சம் இறுக்கம் தெரிகிறது. ஒல்லியானவர்கள், தனியாகவே ஓட்டுபவர்கள் 5டபிள்யூவைக் கொஞ்சம் கலந்து பார்க்கலாம், அதே கம்பெனியுடையதாக.