எண்ணெய் வழியும் முகத்துக்குப் புரோபோலிஸ்: களிம்பா, டிஞ்சரா, சீரமா?

குமரி மாவட்டத்தின் குழித்துறை முதல் களியக்காவிளை வரை, அதைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை, ஆண்டின் பெரும்பகுதியில் காற்றில் ஈரம் குறைவதில்லை. காலையில் கழுவிய முகம் பத்து மணிக்குள் பளபளக்கும் இந்தப் பகுதியில், எண்ணெய்ப்பசையும் பருவும் பதின்பருவத்தோடு பலரை விட்டுப் போவதும் இல்லை. தேனுக்குப் பெயர்போன ஊர்கள் என்பதால், தேனீக்கள் கூட்டில் சேர்க்கும் பிசினாகிய புரோபோலிஸைக் கலந்த பொருட்கள் தேன் விற்கும் இடங்களில் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்த களிம்பு, சாராயத்தில் ஊறவைத்த டிஞ்சர், கொரியாவிலிருந்து வரும் சீரம் ஆகிய மூன்று வடிவங்கள் நம் கைக்கு எட்டுகின்றன. மருந்துக்கடையில் பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் தேயிலை மர எண்ணெயும் கிடைக்கும்போது இவற்றுக்கு என்ன தேவை என்ற கேள்வியும் நியாயமானதே. இவற்றை எடைபோட்டுப் பார்த்து, பகல் நேரத்துக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட சீரத்தை நான் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தி வருகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதலில், வாங்கும் பிசின் எந்தத் தேனீயுடையது என்று கேட்டுவிட வேண்டும். 1920களில் மார்த்தாண்டத்தில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மறுசீரமைப்பு மையத்தின் வழியாகத் தேனீ வளர்ப்பு இங்கே வேரூன்றியது. ரப்பர் தளிர்விடும் மாதங்களில் தோட்டந்தோறும் வைக்கப்படும் பெட்டிகளில் வளர்வது இந்தியத் தேனீ. இந்த இனம் பிசின் சேர்ப்பதில்லை. புரோபோலிஸ் வாங்க வேண்டும் என்று சொன்னபோது, பல ஆண்டுகளாகப் பெட்டி வைத்திருக்கும் என் மாமா, "மக்களே, பெட்டித் தேனீ பிசின் வைக்காது, கலயத்துச் சிறுதேனீதான் வைக்கும்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தார். மண்கலயத்திலும் மூங்கில் குழாயிலும் வளரும் கொடுக்கில்லாத அந்தச் சிறுதேனீ, பிசினையும் மெழுகையும் குழைத்தே தன் கூட்டைக் கட்டுகிறது. கலயத்தின் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் கருப்பு நிறக் குழலைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். புரோபோலிஸ் தரும் மற்றோர் இனமான இத்தாலியத் தேனீ, இந்தியாவில் பஞ்சாப், அரியானா போன்ற வடமாநிலங்களில்தான் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஆகவே ரப்பர் தோட்டத்துப் பெட்டியிலிருந்து எடுத்த புரோபோலிஸ் என்று யாராவது சொன்னால், மேற்கொண்டு இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

இனம் மாறினால் சரக்கும் மாறுகிறது. ஐரோப்பாவில் தேனீக்கள் பெரும்பாலும் பாப்லர் மரத்தின் மொட்டுகளிலிருந்து பிசின் சேகரிக்கின்றன. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பாக்கரிஸ் என்னும் செடியிலிருந்து வருகிறது. தாய்லாந்துச் சிறுதேனீக்களின் பிசினில் மங்குஸ்தான் மரத்துக்குரிய வேதிப்பொருட்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பருவோடு தொடர்புடைய க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் நுண்ணுயிரியைப் புரோபோலிஸ் அடக்குகிறது என்று ஆய்வகத்தில் கண்ட ஒரு முடிவை, வேறொரு நாட்டுச் சரக்கில் கண்டதென்றால், நம் ஊர்க் கலயத்துப் பிசினுக்கு அப்படியே பொருத்திப் பேச முடியாது.

மருந்துக்கடைப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவந்து, சீழ் வைத்த பருக்கள் இருப்பவர்களுக்குப் பென்சாயில் பெராக்சைடுதான் முதல் தேர்வு. எத்தனை ஆண்டு பயன்படுத்தினாலும் நுண்ணுயிரிகள் அதற்கு எதிர்ப்புத் திறன் பெறுவதில்லை, 2.5 விழுக்காட்டு ஜெல்லே பெரும்பாலோருக்குப் போதுமானது, 10 விழுக்காட்டுக்குப் போனால் எரிச்சல்தான் கூடும். தோலை உலர்த்துவதும், துவர்த்து, தலையணை உறை ஆகியவற்றின் சாயத்தை வெளுக்க வைப்பதும் அதன் குறைகள். தேயிலை மர எண்ணெயைப் பொறுத்தவரை, ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வில் அதன் 5 விழுக்காட்டு ஜெல், 5 விழுக்காட்டுப் பென்சாயில் பெராக்சைடை விட மெதுவாக வேலை செய்தது, ஆனால் தொந்தரவு குறைவாக இருந்தது. நீர்க்காத எண்ணெயை நேராக முகத்தில் தடவுவோருக்கு அந்த அனுகூலம் கிடைக்காது.

புரோபோலிஸுக்கு இந்த அளவு வலுவான ஆதாரம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே பேச வேண்டும். 2018இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், 20 விழுக்காடு புரோபோலிஸ், 3 விழுக்காடு தேயிலை மர எண்ணெய், 10 விழுக்காடு கற்றாழை சேர்ந்த க்ரீம், எரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ந்த 3 விழுக்காட்டு க்ரீமை விடப் பருக்களை நன்றாகக் குறைத்தது. மூன்று பொருள் சேர்ந்த க்ரீம் என்பதால் பலன் எதனுடையது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எரித்ரோமைசினுக்குப் பரு நுண்ணுயிரிகள் ஏற்கெனவே பழகிவிட்டதால், அதை வென்றதை மட்டும் வைத்துப் பெரிய முடிவுக்கும் வர முடியாது. எனவே புரோபோலிஸைப் பருவுக்கான மருந்தாக நான் கொள்ளவில்லை. லேசாகப் பரு வரும் எண்ணெய்ச் சருமத்தில், சிவப்பையும் எரிச்சலையும் தணித்து, பளு இல்லாமல் ஈரப்பதம் தரும் துணைப் பொருளாகவே கொள்கிறேன்.

அப்படிக் கொண்டபின், எந்த வடிவத்தில் பூசுவது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. பிசின் எவ்வளவு இருக்கிறது, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்றெல்லாம் விளம்பரங்கள் பேசுகின்றன; எண்ணெய் வழியும் முகத்துக்கு, அந்தப் பிசின் எதில் கரைந்திருக்கிறது என்பதே எல்லாவற்றையும் விட முக்கியம். காரணம், கூட்டிலிருந்து சுரண்டி எடுத்த புரோபோலிஸில் ஏறத்தாழ பாதி பிசின், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மெழுகு, மீதி நறுமண எண்ணெயும் மகரந்தமும் பிறவும். அதை அப்படியே பூச முடியாது. ஏதாவது ஒன்றில் கரைத்தே ஆக வேண்டும். கரைக்கும் பொருள் எதுவோ அதுதான் புட்டியில் பெரும்பங்காக இருக்கும், அதுதான் நாள் முழுவதும் முகத்தில் உட்கார்ந்திருக்கும்.

களிம்பை எடுத்துக்கொள்வோம். வெடித்த குதிகாலுக்கும் காய்ந்த உதட்டுக்கும் அது அருமையான பொருள், விலையும் குறைவு, செய்பவரும் தெரிந்தவர். ஆனால் தேங்காய் எண்ணெய், மயிர்த்துளைகளை அடைக்கும் பொருட்களைத் தரம்பிரித்த பழைய பட்டியல்களில் 5க்கு 4 என்ற இடத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியல்கள் முயலின் காதில் செய்த சோதனைகளை நம்பியவை என்பதால் முழுமையானவை அல்ல. இருந்தாலும் ஏற்கெனவே எண்ணெய் நிறைந்த துளையின் மேல் இன்னோர் எண்ணெயையும் மெழுகையும் பூசி, இந்த வெக்கையில் வியர்வையோடு வெளியே போவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிறுதேனீயின் பிசினில் மெழுகு இயல்பாகவே கலந்திருப்பதால், வடிகட்டாமல் செய்த களிம்பில் அடைப்பு இன்னும் கூடும். பருவுள்ள முகத்துக்கு இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டிஞ்சர் எதிர்த் திசையில் சிக்கலாகிறது. 70 விழுக்காட்டுச் சாராயம் பிசினை நன்றாகக் கரைக்கும், மெழுகைப் பெரும்பாலும் விட்டுவிடும். வீரியத்தை மட்டும் அளந்தால் மூன்றிலும் இதுவே முந்தி நிற்கும். ஒரு சொட்டை எவர்சில்வர் தட்டில் விட்டுப் பாருங்கள்: சாராயம் ஆவியானதும், மேசைக்கு வார்னிஷ் அடித்ததுபோல மஞ்சள்பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் போகாது. இன்னொரு சொட்டைக் குவளைத் தண்ணீரில் விட்டால், பிசின் பிரிந்து தண்ணீர் பால் நிறமாக மாறும். வியர்க்கும் முகத்தில் நடப்பது இந்த இரண்டும்தான்: மேலே ஒட்டும் படலம், கீழே சாராயத்தால் காய்ந்து எரியும் தோல். சீழ் வைத்த ஒற்றைப் பருவின் மேல் பஞ்சால் தொட்டு வைப்பதற்கு இதைப் பயன்படுத்துவோர் இருக்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. முகம் முழுவதும் பூசுவதற்கு இது உரியதன்று. வீட்டில் செய்து விற்பவரிடம் வாங்கினால், எந்தச் சாராயத்தில் ஊறவைத்தார் என்று கட்டாயம் கேட்க வேண்டும். தொழிற்சாலை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கக்கூடும்.

சீரத்தில் புரோபோலிஸின் சாறு தண்ணீரிலும் பியூட்டிலீன் கிளைகால் போன்ற கரைப்பானிலும் இருக்கிறது. மெழுகு பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கிறது. பூசிய பத்து நிமிடம் கழித்து ஒரு செய்தித்தாள் துண்டை நெற்றியில் அழுத்தி எடுத்தால், நல்ல சீரம் எண்ணெய்க் கறை விடாது. களிம்பு பூசிய நெற்றியில் இதே சோதனையைச் செய்தால் தாள் கண்ணாடிபோல ஆகிவிடும். கடையில் வாங்கும் முன்னரே மாதிரிப் புட்டியை வைத்துப் புறங்கையில் இதைச் செய்து பார்க்கலாம். இந்த வடிவத்துக்கும் ஒரு விலை உண்டு: பிசினில் நுண்ணுயிரிகளை எதிர்க்கும் பொருட்களில் பல தண்ணீரில் எளிதில் கரையாதவை, ஆகவே வீரியத்தில் சீரம் டிஞ்சருக்குக் கீழேதான் நிற்கும். தினமும் காலையில் பூசி வெயிலிலும் பேருந்திலும் அலைய வேண்டிய ஒருவருக்கு, வீரியம் குறைந்தாலும் துளையை அடைக்காமல், எரியாமல் தொடர்ந்து பூச முடிகிற பொருளே பயன்படும். பருவுக்கு எதைப் பூசினாலும் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரமே கைவிட நேரும் வீரியத்தால் யாருக்கும் நன்மையில்லை.

சீரம் வாங்கும்போது விழுக்காட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பியூட்டி ஆஃப் ஜோசன் சீரத்தில் 60 விழுக்காடு என்றும், காஸ்ஆர்எக்ஸ் ஆம்பூலில் 80க்கு மேல் என்றும் குறிப்பிடப்படுவது புரோபோலிஸ் சாற்றின் அளவு. அந்தச் சாற்றிலேயே பெரும்பகுதி கரைப்பான்தான். இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்து எது அதிகம் என்று தீர்மானிப்பதில் பொருளில்லை. முதலில் சொன்னதில் வைட்டமின் பி3இன் ஒரு வடிவமான நியாசினமைடும் 2 விழுக்காடு இருக்கிறது, அந்த அளவு நியாசினமைடு முகத்தின் எண்ணெய்ச் சுரப்பைக் குறைத்ததாக ஆய்வே உண்டு. ஆகவே மதிய வேளையில் என் முகத்தில் எண்ணெய் குறைந்திருப்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டால், புரோபோலிஸுக்கு மட்டும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிவப்பு சீக்கிரம் தணிவதையும், பென்சாயில் பெராக்சைடால் வரும் வறட்சி கட்டுக்குள் இருப்பதையும்தான் நான் தெளிவாகக் கண்டேன், அதுவும் என் ஒருவருடைய தோலில். இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இந்தியப் பதிவு எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பென்சாயில் பெராக்சைடை விட விலை பல மடங்கு என்பதால், பணத்தை ஒன்றில்தான் போட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் தயங்காமல் ஜெல்லையே வாங்கலாம்.

ஒவ்வாமைதான் மீதமுள்ள கவலை. அது எந்த வடிவத்துக்கும் பொது. புரோபோலிஸ், தொடுவதால் வரும் தோல் ஒவ்வாமைக்குப் பெயர்பெற்ற பொருள். ஒவ்வாமையைக் கண்டறியத் தோல் மருத்துவர்கள் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையில் வைக்கும் பொருட்களில் அதுவும் ஒன்று. பெரு பால்சம் என்னும் மரப்பிசினும் சில நறுமணப் பொருட்களும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. தேன் சாப்பிட்டு எதுவும் ஆகவில்லை என்பது இதற்குச் சான்றாகாது, ஏனெனில் ஒவ்வாமையைக் கிளப்புவது பிசினில் உள்ள காஃபிக் அமில எஸ்டர்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில், காலையும் மாலையும், ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போக வேண்டும்; முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது, இவ்வகை ஒவ்வாமை தாமதமாகவே வெளிப்படும்.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் காலையில் முகம் கழுவியதும் சீரத்தையும் அதன்மேல் வெயில்காப்பு க்ரீமையும், இரவில் பரு வரும் இடங்களில் மட்டும் பென்சாயில் பெராக்சைடையும் பூசலாம். நெற்றியிலும் மேல்முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு பொடிப்பொடியாக எழும் கட்டிகள் பருவாக இல்லாமல், வியர்க்கும் ஊர்களில் வரும் மலஸ்ஸீசியா என்னும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குச் சீரமும் ஜெல்லும் போதாது, தேங்காய் எண்ணெய்க் களிம்பு அதை வளர்க்கவே செய்யும். அப்படிப்பட்டவர்களும், வலியோடு ஆழத்தில் கட்டும் பருக்களால் தழும்பு விழத் தொடங்கியவர்களும், அடுத்த புட்டிக்குச் செலவிடும் முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டிவிட வேண்டும்.